அந்தீஸ் மலையேரிக் கரையில் ஸ்பானிய மொழி

உலகப் படத்தை விரித்து நோக்குவோருக்குத் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாக, வடக்கிலிருந்து தெற்குவரை முதுகெலும்புபோல நீண்டு கிடக்கும் அந்தீஸ் மலைத்தொடர் உடனே கண்ணிற் படும். அத்தொடரின் தென்பாகத்தில், ஆர்ஜென்டீனாவையும் சிலியையும் பிரிக்கும் எல்லைக்கு அண்மையில், நவெல் வாப்பி என்னும் பேரேரி ஒன்றிருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 770 மீற்றர் உயரத்தில், 500 சதுரக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பில், 400 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தோடு விளங்கும் இவ்வேரி, பண்டைக் காலத்தில் பனிக்கட்டியாறுகள் குடைந்துவிட்டுப் போன பள்ளத்திலே தேங்கியதாகும். இதன் தென்கரையில் அமைந்த பட்டினமே சான் கார்லோஸ் தே பரிலோச்சே. பனிச்சறுக்கு விளையாட்டுக்கும் சாக்கலேற்றுக்கும் பெயர் பெற்ற அவ்வூருக்கு உல்லாசப் பயணிகள் திரள் திரளாக வருகின்றனர். அவர்களோடு, அத்துணை ஆரவாரமின்றி, ஸ்பானிய மொழி பயிலுவதற்கென்றே வந்து தங்குவோரும் சிலர் உளர். அச்சிலருள் ஒருவனாக மார்ச்சு, ஏப்பிரில் மாதங்களில் எட்டுக் கிழமை அங்கு வாழும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று.

“ஸ்பானியம் படித்து என்ன செய்வது?” என்று நம் பெற்றோர் வினவுவர். வினவுவது நியாயமே. ஏறத்தாழ இருபது நாடுகளில் அரச மொழியாகவும், ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு அலுவல் மொழிகளுள் ஒன்றாகவும், சுமார் ஐம்பது கோடி மக்களின் தாய்மொழியாகவும் இருப்பது ஸ்பானியம். எனினும் உத்தியோகக் கணக்கை இங்கு விரித்துரைக்க நான் விரும்பவில்லை. நான் கூற விழைவது வேறு. எந்த அந்நிய மொழியையும் ஆங்கிலமென்னும் வாயில் வழியாகவே அணுகவேண்டும் என்ற எண்ணம் நம்மவரிடையே ஊறிப்போய்க் கிடக்கிறது. ஸ்பானியத்தைப் பொறுத்தமட்டில் இது வீண் சுற்றுவழி. தமிழன் தன் வீட்டு முற்றத்திலிருந்தே நேராக நடந்து செல்லக்கூடிய பாதையொன்று அங்கே உண்டு.

முதலில் ஊரைப்பற்றிச் சிறிது. தலைநகராகிய புவெனஸ் அயர்ஸிலிருந்து தரைமார்க்கமாக ஏறக்குறைய 1,600 கிலோமீற்றர் தொலைவு. விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். பஸ்ஸிலாயின் ஒரு பகலும் ஓரிரவும். முடிவேயில்லையோ என எண்ணத்தக்க புல்வெளிகளையும், பின்னர் மரமற்ற வறண்ட மேட்டுநிலத்தையும் கடந்தபின், திடீரென நீலநீரும் வெண்முடி மலைகளும் தோன்றும். 1902 ஆம் ஆண்டு மே மாதம் 3 ஆம் திகதி இவ்வூர் முறைப்படி நிறுவப்பட்டது. அதற்கு முன்னரே, 1895 ஆம் ஆண்டளவில், கார்லோஸ் வீடர்ஹோல்ட் என்னும் சிலி நாட்டு ஜெர்மானியர் ஒருவர் அங்கே கடை வைத்திருந்தார். அவருக்கு வந்த கடிதமொன்றில் ‘தொன் கார்லோஸ்’, அதாவது திருவாளர் கார்லோஸ், என்றிருக்கவேண்டியது ‘சான் கார்லோஸ்’, அதாவது புனித கார்லோஸ், என எழுதப்பட்டதாம். கடைக்காரர் புனிதரானார், ஊருக்கும் பெயர் கிடைத்தது என்பர். 1934 இல் புகையிரதப் பாதை வந்தது. அவ்வாண்டிலேயே ஏரியும் அதைச் சூழ்ந்த காடும் தேசியப் பூங்காவாயின. அதற்கு வித்திட்டவர் பிரான்சிஸ்கோ மொரெனோ என்னும் ஆய்வாளர். அரசாங்கம் தமக்களித்த நிலத்தின் ஒரு பகுதியை 1903 இலே பொதுமக்களின் பூங்காவுக்கென அவர் திருப்பிக் கொடுத்தார்.

பாடசாலை ஒரு சிறு மரவீடு. காலையில் நான்கு மணி நேரம் வகுப்பு. நாங்கள் அறுவர் இருந்தோம். ஜெர்மனியிலிருந்து இருவர், பிரேசிலிலிருந்து இருவர், அமெரிக்க ஐக்கிய நாட்டிலிருந்து ஒருவர், நான். பிரேசில் நாட்டவருக்குத் தாய்மொழி போர்த்துக்கேயம். அது ஸ்பானியத்தின் உடன்பிறப்பு. ஆகையால் முதல் நாளிலேயே அவர்கள் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டனர். எட்டாங் கிழமையிலும் போர்த்துக்கேயமே பேசினர். அக்காள் தங்கை மொழிகளிடத்து இஃதோர் இடையூறு. ஊர்க் கடைக்காரரும் பிரேசிலியருக்கு அவர்கள் மொழியிலேயே விடையிறுப்பர். குளிர்காலத்தில் வந்து குவியும் பிரேசிலியரை நோக்கி இவ்வூரை ‘பிரசிலோச்சே’ என்று கேலியாக அழைப்பதும் உண்டு.

ஒலிகளில் தொடங்கினோம். ஸ்பானியத்தில் உயிரொலிகள் ஐந்தே: அ, எ, இ, ஒ, உ. ஆங்கிலம் பேசுவோர் இவற்றை நீட்டியும் வளைத்தும் உச்சரிப்பதால் ஆசிரியை அவர்களோடு நெடுநேரம் போராடவேண்டியிருந்தது. தமிழனுக்கு அத்தொல்லை இல்லை. நாம் தகரம் சொல்லும்போது நாவின் நுனி பல்லிலே படுகிறதன்றோ? ஸ்பானியரும் அவ்வாறே சொல்கின்றனர். ஆங்கில வகுப்பிற் பழகிய டகரத்தை நாம் மறந்தாற் போதும். இன்னும் நுட்பமானதொன்று. உயிர்களுக்கிடையில் வரும் தகரத்தை நாம் ‘அது’, ‘இதயம்’ என்பவற்றில் மென்மையாக ஒலிக்கிறோம். ககரத்தையும் ‘அகம்’ என்பதில் அவ்வாறே நெகிழ்க்கிறோம். ஸ்பானியத்திலும் இதே நெகிழ்ச்சி. ‘ஒன்றுமில்லை’ என்னும் பொருள்படும் ‘நாதா’ என்ற சொல்லை நான் வாசித்தபோது, அந்தத் தகரத்தை எங்கே கற்றீர் என்று ஆசிரியை கேட்டார். கற்றது ஏடு தொடக்கிய அன்று!

அவர்களுடைய நெடுங்கணக்கில் 27 எழுத்துகள். அவற்றுள் ஒன்று, தலைமீது சிறு அலைக்கோடு தாங்கி நிற்பது. பிற ஐரோப்பியர் அதைக் கண்டு மலைப்பர். அதன் ஒலி நம் ஞகரமேயன்றி வேறில்லை. நாளை என்பது ‘மஞானா’. மலை என்பது ‘மொந்தாஞா’. ஆண்டு என்பது ‘ஆஞோ’. இனி ரகர றகர வேறுபாடு. ‘பெரோ’ எனின் ஆனால். ‘பெறோ’ எனின் நாய். சின்ன ரானாவையும் பெரிய றானாவையும் வேறுபடுத்தத் தெரியாத மாணவனை நான் வகுப்பிலே கண்டித்ததுண்டு. பரிலோச்சேயில் அக்கண்டிப்புக்கு ஒரு புதுக் காரணம் கிடைத்தது.

எழுதியபடியே வாசிக்கும் மொழி அது. எழுத்துக்கூட்டத் தெரிந்தால், பொருள் தெரியாமலேயே ஒரு பத்திரிகையைப் பிழையின்றி உரக்க வாசித்துவிடலாம். ஆயினும் ஆர்ஜென்டீனாவில் ஒரு விசேடம். ஸ்பெயினில் யகரம்போல ஒலிக்கும் எழுத்துகள் அங்கே ஷகரமாகின்றன. வீதி அங்கு ‘காஷே’, மழை ‘ஷூவியா’, நான் என்பது ‘ஷோ’. ஏரிக்கரையில் 1938 இல் திறக்கப்பெற்று, அடுத்த ஆண்டே தீக்கிரையாகி, 1940 இல் மீண்டும் எழுந்த புகழ்பெற்ற விடுதியின் பெயரை அவ்வூரார் ‘ஷாவ் ஷாவ்’ என்றே சொல்வர். ஸ்பெயின் நாட்டுப் பாடநூலை மாத்திரம் படித்துவிட்டு வருவோர் முதற் கிழமையில் செவிடர்போல் ஆவதற்கு இதுவே காரணம்.

வகுப்பிலே கற்றது பாதி. வீட்டுக் குசினியிலே கற்றது மீதி. மாணவரை உள்ளூர்க் குடும்பங்களுடன் தங்கவைப்பது அங்கே வழக்கம். நான் தங்கிய வீட்டு அம்மையார் ஓய்வு பெற்ற தாதி. ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியார். அதனை நான் பெரும் பேறாகவே கருதுகிறேன். முதல் நாளிரவு “நான் இறைச்சி உண்பதில்லை” என்று சொல்ல வேண்டியிருந்தது. “நோ கோமோ கார்னே” என்றேன். அம்மையார் முகத்தில் இரக்கம் படர்ந்தது. “அப்படியானால் கோழி?” என்றார். பின்னரே விளங்கிற்று: அந்நாட்டார் நாள்வழக்கில் ‘கார்னே’ என்பது மாட்டிறைச்சியை மட்டுமே குறிப்பது. கோழியும் மீனும் வேறு சாதி! மாட்டிறைச்சியை நெருப்பிலே வாட்டி உண்பதையே பெருவிழாவாகக் கொள்ளும் நாட்டில் சைவ உணவினன் ஒருவன் படும் பாட்டை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். ஆயினும் பட்டினி கிடந்தேனல்லேன். சோளம் அடைத்த ‘எம்பனாதா’ என்னும் பலகாரமும், பாலையும் சீனியையும் நெடுநேரம் காய்ச்சி எடுக்கும் ‘துல்சே தே லேச்சே’ என்னும் இனிப்பும் இருந்தன. மாதந்தோறும் 29 ஆம் திகதி அங்கே உருளைக்கிழங்கும் மாவும் பிசைந்து உருட்டிய ‘ஞோக்கி’ உண்பது மரபு. இத்தாலியக் குடியேற்றவாசிகள் கொண்டுவந்த உணவு அது. சம்பளத்துக்கு முன்னதான நாளில் கைப்பணம் குறைந்திருக்கும். மலிவான உணவை உண்டு, கோப்பையின் கீழே ஒரு நாணயத்தாளை வைத்தால் அடுத்த மாதம் செல்வம் சேரும் என்பது நம்பிக்கை.

இக்குசினியிலேதான் இலக்கணத்தின் ஒரு பெருங்கதவு எனக்குத் திறந்தது. அம்மையார் தேநீர் தந்து, பிடிக்குமா என்று கேட்டார். “மே குஸ்தா எல் தே” என்பது விடை. இதனை ஆங்கிலேயன் கற்பதற்குப் படும் அவதி சொல்லுந்தரமன்று. அவனுடைய மொழியில் ‘நான்’ எழுவாய். நான் தேநீரை விரும்புகிறேன் என்பான். ஸ்பானியத்திலோ தேநீரே எழுவாய். விரும்புபவன் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறான். அமெரிக்க நண்பர் இதனை “தேநீர் எனக்கு மகிழ்வூட்டுகிறது” என்று தலைகீழாகப் புரட்டிப் புரட்டி மனனம் செய்தார். நானோ சொல்லுக்குச் சொல் தமிழை வைத்தேன்: எனக்குத் தேநீர் பிடிக்கும். முடிந்தது காரியம். ‘தே’ என்ற சொற்கூட நம் தேயிலையின் தே தான். இரண்டும் ஒரே சீன மூலத்திலிருந்து பிறந்தவை. ‘மே துவேலே லா கபேசா’ என்பதும் அத்தகையதே: எனக்குத் தலை நோகிறது. எழுவாயைச் சொல்லாமலே விடுவதும் இரு மொழிக்கும் பொது. ‘ஆப்லோ’ என்றால் பேசுகிறேன். ‘ஆப்லாமோஸ்’ என்றால் பேசுகிறோம். பேசுபவர் யார் என்பதை விகுதி காட்டிவிடும்போது, நான், நாம் என்று வேறு சொல்லவேண்டிய தேவை என்ன?

பேச்சில் மரியாதைப் படிகளும் உண்டு. நாம் நீ, நீங்கள் என்பதுபோல் அவர்களிடம் நெருக்கத்துக்கு ஒரு சொல்லும் மதிப்புக்கு ஒரு சொல்லும் உள. மதிப்புச் சொல் ‘உஸ்தெத்’. ‘தங்கள் கருணை’ என்று பெரியோரை விளித்த பழைய தொடரொன்று தேய்ந்து குறுகியதே அச்சொல். ஆகவேதான் அது படர்க்கை வினையையே கொள்கிறது. எதிரே நிற்பவரைப் பார்த்து ‘வருகிறார்’ என்பதுபோல. நெருக்கச் சொல்லாகப் பாடநூல்கள் கற்பிப்பது ‘தூ’. ஆர்ஜென்டீனாவில் அதைக் கேட்பது அரிது; அங்கே ‘போஸ்’ என்பர். பழங்காலத்தில் இந்தப் ‘போஸ்’ தானும் மதிப்புக்குரிய பன்மையாக இருந்து, பின்னர் கீழிறங்கி நண்பரையும் பிள்ளைகளையும் சுட்டலாயிற்று. சொற்களுக்கும் உயர்வு தாழ்வு உண்டுபோலும்.

எனக்கு இடர் விளைத்தது வினைவிகுதியன்று, வழக்கமே. அங்கு ஆசிரியையைப் பெயர் சொல்லியே அழைக்கிறார்கள். ‘போஸ்’ என்றே பேசுகிறார்கள். வகுப்புக்குள் நுழைந்ததும் ஒவ்வொருவராகக் கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிட்டு வாழ்த்துவர். ஆசிரியர் நுழைந்ததும் எழுந்து நின்று கைகூப்பும் மாணவரிடையே இருபது ஆண்டுகளைக் கழித்தவன் என்ன செய்வான்? நான் கைகூப்பினேன். அவர்களும் மகிழ்வோடு கைகூப்பினர். இரண்டு கிழமைக்குள் வகுப்பு முழுவதும் கைகூப்பிற்று.

அங்குள்ள மாலை நேரங்களை ஆளுவது ‘மாத்தே’ என்னும் பானம். ஒருவகைப் பச்சிலையை உலர்த்தித் தூளாக்கி, சிறு சுரைக்குடுவையில் இட்டு, கொதிக்காத வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சுவர். ஒருவரே ஊற்றிக் கொடுப்பார்; குடுவையும் குழலும் ஒன்றே; வட்டமாக அமர்ந்தோர் முறை முறையாக அதனை உறிஞ்சி மீளக் கொடுக்கவேண்டும். எச்சில் என்ற கொள்கையில் வளர்ந்த நமக்கு இது எத்துணைச் சங்கடம்! 2020 ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் தனித்தனிக் குடுவையில் அருந்தும்படி அந்நாட்டாருக்கே அறிவுறுத்தப்பட்டது. இன்றும் சிலர் அவ்வாறே செய்கின்றனர். ஆகவே தனிக் குடுவை கேட்பதில் குற்றமில்லை. ஆயினும் அவ்வட்டத்தில் உட்காராதவனுக்கு மொழி வாராது என்பது என் துணிபு. பாடத்தில் இல்லாத கேலியும், அரசியலும், விலைவாசி முறைப்பாடும், அயல்வீட்டு வம்பும் அங்கேதான் நடக்கின்றன. ஒரு நுட்பம்: குடுவையைத் திருப்பிக் கொடுக்கும்போது ‘கிராசியாஸ்’, அதாவது நன்றி, என்று சொன்னால் ‘போதும், இனி வேண்டாம்’ என்பதே பொருள். ஒவ்வொரு முறையும் நன்றி கூறும் நல்லொழுக்கம் உடையவனுக்கு இரண்டாம் முறை கிடையாது.

அடிக்கடி ‘சே’ என்று விளித்துப் பேசுவதும் ஆர்ஜென்டீனர் இயல்பு. ‘ஏய்’, ‘இந்தா பார்’ என்பதுபோல. ஏர்னெஸ்தோ குவேரா என்னும் மருத்துவருக்கு அப்பெயர் ஒட்டிக்கொண்டது இதனாலேதான். அவர் நண்பரோடு மோட்டார்ச் சைக்கிளில் புறப்பட்ட நெடும்பயணத்தில் 1952 இல் பரிலோச்சேயைக் கண்டு, ஏரிவழியே சிலிக்குக் கடந்தவர். ஏழு ஆண்டுகளின் பின், 1959 இல், கியூபாவின் தூதராக இலங்கைக்கு வந்து ஹொறணைப் பகுதியில் ஒரு மரமும் நட்டுச் சென்றார்.

எல்லாம் எளிதென்று சொல்லி மாணவரை ஏமாற்ற விரும்பவில்லை. ‘இருத்தல்’ என்னும் ஒரு வினைக்கு அங்கே இரண்டு வினைகள்: செர், எஸ்தார். இயல்பைச் சொல்வது முன்னது. நிலையைச் சொல்வது பின்னது. அப்பிள் ‘எஸ் பேர்தே’ என்றால் அது பச்சை நிற இனம். ‘எஸ்தா பேர்தே’ என்றால் இன்னும் பழுக்கவில்லை. தமிழில் முன்னதற்கு வினையே வேண்டுவதில்லை. ‘இது பச்சை’ என்று நிறுத்திவிடுகிறோம். ஆகவே இவ்விடத்தில் நம் மொழி முழுத்துணை செய்யாது. பால் பாகுபாடும் அவ்வாறே. உயர்திணை அஃறிணை என்று பொருளை நோக்கிப் பகுத்த நமக்கு, மேசை பெண்பால், ஏரி ஆண்பால் என்பது விந்தையாக இருக்கும். அறிவைக் கொண்டு ஆராயாமல் நெஞ்சிலே பதித்துக்கொள்வதே வழி. ஆனால் ஐரோப்பியர் அஞ்சும் ஒரு வினைவடிவம் உண்டு. விருப்பத்தையும் வேண்டுதலையும் சொல்வது. ‘பீவா!’ என்று கூட்டத்திலே முழங்குவர். அது நம் ‘வாழ்க’. நோயுற்றவரிடம் ‘கே தே மெஹோரெஸ்’ என்பர். அது ‘நலம் பெறுக’. வியங்கோள் வினைமுற்றைப் படித்தவனுக்கு அதன் தலைவாயிலாவது தெரியும். உள்ளறைகள் பல உள என்பது வேறு கதை.

சொற்களைப்பற்றிச் சொல்லாமல் விடலாகாது. அம்மையாரின் வீட்டிலே பாணைப் ‘பான்’ என்றார்கள். மேசை ‘மேசா’. சப்பாத்து ‘சபாத்தோ’. துவாய் ‘தொவாஷா’. குசினி ‘கொசீனா’. அலுமாரி ‘அர்மாரியோ’. வாங்கு ‘பாங்கோ’. வேறு ஸ்பானிய நாடுகளில் ‘பீஞா’ எனப்படும் அன்னாசி, ஆர்ஜென்டீனாவில் ‘அனனா’. இவை நமக்கு ஸ்பானியரிடமிருந்து வந்தவையல்ல. போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. இரு மொழியும் இலத்தீனின் மக்கள் ஆதலால் சொற்களும் ஒத்திருக்கின்றன. அன்னாசி என்ற சொல்லோ தென் அமெரிக்கப் பழங்குடிகளின் துப்பி மொழியிற் பிறந்து, கப்பலேறி நம்மிடம் வந்தது. எல்லாம் ஒத்திருக்கும் என நம்பவும் கூடாது. கதிரையை நினைத்துக்கொண்டு ‘கதேரா’ என்றால் ஸ்பானியத்தில் அது இடுப்பு! கதிரைக்கு அவர்கள் சொல் ‘சிஷா’.

வரலாற்றிலும் இன்னொரு முடிச்சு. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல் ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்தது. 1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தபோது, அவர்களுடைய முடியைச் சூடியிருந்தவர் ஸ்பெயினின் மூன்றாம் பிலிப்பு. அதே மன்னரின் கொடியே அன்று அந்தீஸ் மலைகளிலும் பறந்தது. இதனை நான் சொன்னபோது வகுப்பிலிருந்த ஒருவரும் நம்பவில்லை. ஆசிரியை நூலைப் பார்த்துவிட்டு மறுநாள் வந்து உறுதிப்படுத்தினார்.

விஞ்ஞான மாணவருக்கு ஒரு செய்தி. ஏரியிலே ஊமூல் என்றொரு தீவு உண்டு. 1949 இல் அங்கே ரொனால்ட் ரிக்டர் என்னும் ஆஸ்திரிய விஞ்ஞானிக்கு ஜனாதிபதி பெரோன் பெரும்பொருள் செலவில் ஆய்வுகூடம் அமைத்துக் கொடுத்தார். சூரியனிலே நிகழும் அணுச் சேர்க்கையை அடக்கி ஆண்டுவிட்டதாக 1951 இல் உலகுக்கு அறிவிக்கவும் செய்தார். அது வெறும் பொய் என்பதை 1952 இல் ஆராய்ந்து காட்டிய குழுவில் ஹோசே பல்செய்ரோ என்னும் இளம் பௌதிகவியலாளர் இருந்தார். எஞ்சிய கருவிகளைக் கொண்டு 1955 இல் அதே ஊரில் அவர் தலைமையிலே பௌதிகக் கல்லூரி ஒன்று எழுந்தது. அவர் 1962 இல் மறைந்தபின் அவர் பெயரையே அது தாங்கிற்று. இன்று உலகப் புகழ் பெற்ற பௌதிகவியலாளர் ஹுவான் மல்தசேனா அக்கல்லூரி மாணவர். போதனை ஸ்பானிய மொழியிலேயே நடைபெறுகிறது. உயர்ந்த விஞ்ஞானம் ஆங்கிலத்தில் மட்டுமே வாழும் என்று கருதுவோர் அந்த ஏரிக்கரையை ஒருமுறை பார்க்கவேண்டும். அத்தகைய படிப்புக்கு எட்டுக் கிழமைப் பயிற்சி போதாது. வேலைக்கும் மேற்படிப்புக்கும் பத்திரம் வேண்டுவோர் ஸ்பெயின் அரசின் ‘தேலே’ பரீட்சைக்கோ, ஆர்ஜென்டீனப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் ‘செலு’ பரீட்சைக்கோ தோற்றலாம்.

காலத்தைப்பற்றியும் ஒரு சொல். அங்கே பருவங்கள் தலைகீழ். டிசெம்பரில் கோடை, இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம். ஜூலையில் உறைபனி, அப்பொழுது உயர்தரப் பாடசாலைப் படிப்பை முடிக்கும் ஆர்ஜென்டீன மாணவர் கூட்டங்கூட்டமாக வந்து இரவு பகலாக ஆடிப்பாடுவர். படிக்கச் செல்பவன் இலையுதிர் காலத்தைத் தேர்ந்துகொள்வானாக. ஏப்பிரிலில் மலைச்சரிவிலுள்ள ‘லெங்கா’ மரங்கள் செந்தீப் பற்றியதுபோற் சிவக்கும். ஊரும் அமைதியாயிருக்கும், கடைக்காரருக்குப் பேச நேரமும் இருக்கும்.

நிற்க, அவ்வூரில் நான் ஸ்பானியம் கற்கக் கற்க, இன்னொரு மொழி அதன் அடியிலே கிடப்பது மெல்ல மெல்லப் புலப்படலாயிற்று. நவெல் என்பது சாகுவார் என்னும் பெருவிலங்கு. வாப்பி என்பது தீவு. இது ஸ்பானியமன்று, அந்நிலத்தின் ஆதிக்குடிகளான மாப்புச்சே மக்களின் மொழி. பரிலோச்சே என்பதும் அவர்கள் சொல்லே. மலைக்கு அப்பாலுள்ள மாந்தர் என்பது அதன் பொருள். ஷாவ் ஷாவ் என்பது அங்குள்ள காட்டு மரங்களில் திரளும் உண்ணத்தக்க காளானின் பெயர். ‘மாப்பு’ என்றால் நிலம், ‘சே’ என்றால் மக்கள். இங்ஙனம் ஏரி, ஊர், விடுதி ஆகியவற்றின் பெயர்களெல்லாம் அவர்களுடையவை. வீதியிலோ அம்மொழி என் செவியில் ஒருநாளும் விழவில்லை.

1670 இல் மஸ்கார்தி என்னும் இயேசு சபைத் துறவி ஏரிக்கரையில் மிஷன் நிறுவினார். சில ஆண்டுகளில் கொல்லப்பட்டார். அதன்பின் இருநூறு ஆண்டுகள் அந்நிலம் மாப்புச்சேயரிடமும் அவர்தம் அயற்குடிகளிடமுமே இருந்தது. 1878 முதல் 1885 வரை நடந்த படையெடுப்பிலே ஆர்ஜென்டீன அரசு அதைக் கைப்பற்றிற்று. ‘பாலைவனத்தை வெல்லுதல்’ என்று அதற்குப் பெயரிட்டனர். மக்கள் வாழ்ந்த நிலத்துக்குப் பாலைவனம் என்ற பெயர்! நிலத்தை இழந்த மக்களின் பிள்ளைகளுக்குப் பாடசாலை ஸ்பானியத்திலேயே நடந்தது. தாய்மொழி அடுப்பங்கரைக்குள் ஒடுங்கிற்று. படை நடத்திய ரோக்கா தளபதியின் குதிரைச் சிலை பரிலோச்சேயின் நகர மண்டபச் சதுக்கத்தில் நிறுவப்பட்டது. அதன்மேல் எதிர்ப்பாளர் வர்ணம் பூசுவதும், நகரசபையார் கழுவுவதும், அதை அகற்றலாமா என வாதிடுவதும் நெடுங்காலமாகத் தொடர்ந்த கதை. 1994 இன் அரசியலமைப்புத் திருத்தம் ஆதிக்குடிகள் அந்நாட்டுக்கு முன்னரே அங்கு வாழ்ந்தவர்கள் என்பதையும், இருமொழிக் கல்விக்கான அவர்களது உரிமையையும் ஏற்றுக்கொண்டது. ஏட்டில் ஏறியது வகுப்பறைக்கு வந்துசேர எத்துணைக் காலம் செல்லும் என்பது ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அறிந்ததே.

இவற்றை வகுப்பிலே பேசிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஜெர்மானிய மாணவி ஒருத்தி ஆசிரியையைப் பார்த்து, “உமக்கு அம்மொழி தெரியுமா?” என்று கேட்டாள். தம் தாயின் தாய் மாப்புச்சே என்பதை அன்றுதான் ஆசிரியை எங்களுக்குச் சொன்னார். பாட்டி பேசுவாராம், பேத்தி வந்தால் நிறுத்திவிடுவாராம், பிள்ளைக்குப் பள்ளியில் இடைஞ்சலாகும் என்ற அச்சம். தமக்கு எண்கள் மாத்திரம் தெரியும் என்றார். பாட்டி கோழிமுட்டை எண்ணும்போது பக்கத்தில் நின்று கேட்டதாம். கரும்பலகையில் எழுதாமல், விரல்களை மடக்கி, எங்களுக்காக எண்ணினார்: கிஞே, எப்பு, கிலா, மெலி, கெச்சு. ஐந்துவரை எண்ணிவிட்டு நிறுத்தினார். அன்றைய பாடம் இறந்தகால வினை; நூலைத் திறக்கச் சொன்னார்.